கரண்ட் வேண்டாம் என்று காசு கொடுத்த கோடைகாலம்

2020 ஏப்ரல் 9ஆம் தேதி நள்ளிரவில் பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின் அலகும் ஓய்வெடுத்தது. அதற்குப் பிறகு ஜூன் 16 இரவு வரை, சரியாகச் சொன்னால் 67 நாள் 22 மணி 55 நிமிடம், இந்த நாட்டில் ஒரு யூனிட் மின்சாரம்கூட நிலக்கரியிலிருந்து வரவில்லை. முந்தைய சாதனை வெறும் 18 நாள்தான். தொழிற்புரட்சியையே நிலக்கரியில் நடத்திய நாடு இது. செய்தித்தாள்கள் கொண்டாடின. வாட்ஸ்அப் குழுக்களில் நீல வானத்தின் படங்கள் பறந்தன. "கொரோனா கெட்டதுலயும் ஒரு நல்லது பண்ணிருக்கு" என்று நம்மில் பலரும் ஃபார்வர்டு செய்தோம்.

அதே வாரங்களில் இன்னொன்றும் நடந்தது. அதற்கு யாரும் ஸ்டேட்டஸ் வைக்கவில்லை. மின்கட்டமைப்பை இயக்கும் நேஷனல் கிரிட் நிறுவனம், சஃபோக் கடற்கரையில் இருக்கும் சைஸ்வெல் பி அணுமின் நிலையத்திடம், "பாதி அளவுக்குக் குறைத்து ஓட்டுங்கள், அதற்குப் பணம் தருகிறோம்" என்று ஒப்பந்தம் போட்டது. தொகை 5 கோடி பவுண்டுக்கும் மேல். மே மாதம் இன்னொரு திட்டம் வந்தது. சிறிய காற்றாலைகளும் சோலார் பண்ணைகளும் கேட்கும்போது உற்பத்தியை நிறுத்தினால் அதற்கும் காசு.

மின்சாரம் தயாரிக்காமல் இருப்பதற்குப் பணம்! என்னடா இது என்று தோன்றுகிறதல்லவா? பெருந்தொற்றுக் காலத்தின் உண்மையான எரிசக்திப் பாடம் அந்த நீல வானத்தில் இல்லை, இந்த ரசீதில் இருக்கிறது என்பது என் கருத்து. அந்தப் பாடம் இன்று லண்டன் வீட்டு பில்லையும், யாழ்ப்பாணத்திலோ கோயம்புத்தூரிலோ அப்பா அம்மா வீட்டுக் கூரையில் நாம் போட்டுக் கொடுத்த சோலார் பேனலையும் தொடுகிறது.

நான் எலெக்ட்ரிக்கல் படித்துவிட்டு, கேம்பஸில் ஐடி கம்பெனி எடுத்துக்கொண்டதால் சாஃப்ட்வேருக்கு வந்தவன். ஊர் திருநெல்வேலிப் பக்கம். பஸ் ஜன்னலில் முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தே வளர்ந்தேன். இப்போது ரெடிங்கில் குடியிருப்பு. மின்துறையில் வேலை செய்யவில்லை, ஆனால் படித்த பாடம் விட்டுப்போகவில்லை.

எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமை

2020 மார்ச் 23 இரவு பிரதமர் போரிஸ் ஜான்சன் தொலைக்காட்சியில் வந்து எல்லோரையும் வீட்டிலேயே இருக்கச் சொன்னார். அடுத்த சில வாரங்களில் நாட்டின் மின்தேவை வழக்கத்தைவிட 15 முதல் 20 சதவீதம் வரை சரிந்தது. தொழிற்சாலை, அலுவலகம், பள்ளிக்கூடம், பப், ரயில் எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கியதன் விளைவு. காலை ஏழு மணிக்குச் செங்குத்தாக ஏறும் தேவைக் கோடு சோம்பலாக, தாமதமாக ஏறியது. திங்கள், புதன், வெள்ளி எல்லாமே ஞாயிற்றுக்கிழமை மாதிரி இருந்தன.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த ஆண்டு முழுவதையும் எடுத்தால் பிரிட்டனின் மொத்த மின்தேவை சுமார் 5 சதவீதம் குறைந்தது. ஆனால் வீடுகளின் நுகர்வு சுமார் 4 சதவீதம் கூடியது. அலுவலகத்தின் விளக்கும் ஹீட்டரும் லேப்டாப்பும் நம் வீட்டு மீட்டருக்கு இடம் மாறின. கம்பெனியின் மின்செலவு குறைந்தது, நம் மின்செலவு ஏறியது. நம்மவர்களின் மளிகைக் கடைகளோ அத்தியாவசியப் பட்டியலில் இருந்ததால் ஒரு நாளும் மூடவில்லை. பால், தயிர், உறைந்த மீன், பரோட்டா வைத்திருக்கும் ஃப்ரிட்ஜுகள் 24 மணி நேரமும் ஓடின. "நாடே கரண்டை மிச்சப்படுத்துது" என்று டிவி சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் கடை வைத்திருந்த அண்ணன்களுக்கு பில் ஒரு பென்ஸ்கூட இறங்கியிருக்க வாய்ப்பில்லை.

காற்றைக் கொண்டு வந்தது வைரஸ் இல்லை

2020இல் பிரிட்டனின் மின் உற்பத்தியில் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியின் பங்கு 43.1 சதவீதம். முந்தைய ஆண்டு 37.1. ஒரு முழு ஆண்டில் நிலக்கரி, எரிவாயு, எண்ணெய் மூன்றையும் சேர்த்து அது முந்தியது அதுவே முதல் முறை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் அதே ஆண்டில் அதே கதை: புதுப்பிக்கத்தக்கது 38 சதவீதம், புதைபடிவ எரிபொருள் 37 சதவீதம்.

"பார்த்தீங்களா, லாக்டவுன் போட்டதும் பசுமை வந்துடுச்சு" என்று சொல்லிவிடலாம். ஆனால் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு நாட்டின் தேவை 100 யூனிட், அதில் காற்றும் சூரியனும் தருவது 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்கு 40 சதவீதம். நாளைக்கே ஊரடங்கு போட்டு தேவை 80 ஆகிறது. காற்று குறையவில்லை, வெயில் குறையவில்லை, அதே 40 வருகிறது. பங்கு 50 சதவீதம்! ஒரு காற்றாலைகூடப் புதிதாக நடாமல் பத்து சதவீதம் ஏறிவிட்டது.

ஏன் காற்றை நிறுத்தாமல் நிலக்கரியையும் எரிவாயுவையும் நிறுத்தினார்கள்? அதற்கு நல்ல மனது காரணமில்லை, காசுதான் காரணம். காற்றாலை கட்டிவிட்டால் அடுத்த யூனிட்டுக்கு எரிபொருள் செலவு கிடையாது. எரிவாயு நிலையம் ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாயு வாங்க வேண்டும். மின்சந்தையில் மலிவானது முதலில் விற்கும், விலை கூடியது கடைசியில் நிற்கும். தேவை சுருங்கும்போது வரிசையின் கடைசியில் நிற்பவர்தான் வெளியே போவார். ஏற்கெனவே கார்பன் வரியால் விலை ஏறிப் போயிருந்த நிலக்கரி முதலில் வெளியே போனது.

அப்படியானால் 43 சதவீதம் வெறும் கணக்கு வித்தையா? இல்லை, அதுவும் தப்பு. அந்த ஆண்டு புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தின் அளவே பத்து சதவீதத்துக்கும் மேல் கூடியிருந்தது. நாட்டின் மொத்த உற்பத்தி 2019 அளவுக்கே இருந்திருந்தாலும் பங்கு 41 சதவீதத்தைத் தாண்டியிருக்கும் என்று நானே போட்டுப் பார்த்த கணக்கு சொல்கிறது. அதாவது ஏற்றத்தின் பெரும்பகுதி உண்மையானது. 2020 முதல் காலாண்டிலேயே, ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்த நிலையில், பங்கு 47 சதவீதத்தைத் தொட்டது. அந்தப் பிப்ரவரியில் அடுத்தடுத்து வந்த சியாரா, டென்னிஸ், ஜார்ஜ் புயல்களும், அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கடலில் நட்டு வைத்த காற்றாலைகளும்தான் அதற்குக் காரணம்.

உலக அளவிலும் இதே கதைதான். 2020இல் உலக மின்தேவை சுமார் 1 சதவீதம் சரிந்தது. ஆனால் அதே ஆண்டில் புதிதாக நிறுவப்பட்ட புதுப்பிக்கத்தக்க திறன் ஏறக்குறைய 280 கிகாவாட், முந்தைய ஆண்டைவிட 45 சதவீதம் அதிகம் என்று சர்வதேச எரிசக்தி முகமை கணக்கிட்டது. அவற்றின் திட்டமும் முதலீடும் வுஹானில் முதல் நோயாளி இருமுவதற்கு முன்பே முடிவானவை.

கூடினாலும் ஆபத்து

மின்சாரம் தண்ணீர் மாதிரி இல்லை. தொட்டியில் நிரப்பி வைக்க முடியாது. பேட்டரி, நீரேற்று நிலையம் எல்லாம் இருக்கின்றன, ஆனால் ஒரு நாட்டின் அளவுக்கு அவை சின்னச் செம்புகள்தான். ஒவ்வொரு விநாடியும் உற்பத்தியும் நுகர்வும் சமமாக இருக்க வேண்டும். அந்தச் சமநிலையைக் காட்டும் முள்தான் ஃப்ரீக்வென்சி. பிரிட்டனிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் அது 50 ஹெர்ட்ஸ். உற்பத்தி குறைந்தால் 50க்குக் கீழே இறங்கும், கூடினால் மேலே ஏறும். எந்தப் பக்கம் அதிகம் போனாலும் பாதுகாப்புக் கருவிகள் நிலையங்களைத் துண்டிக்கும். ஒன்று விழ, அடுத்தது விழ, ஊரே இருளும்.

இங்கேதான் பழைய நிலையங்களின் ஒரு குணம் வருகிறது. நிலக்கரி, எரிவாயு, அணு நிலையங்களில் நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள சுழலிகள் சுற்றிக்கொண்டிருக்கும். கோயில் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடத் தொடங்கிய தேரின் வடத்தை நாலு பேர் விட்டுவிட்டாலும் அது உடனே நின்றுவிடாது. அந்த எடையே கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டு போகும், அதற்குள் வேறு நாலு பேர் வடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். அதைத்தான் கல்லூரியில் நிலைமம் என்று படித்தோம். சோலார் பேனலுக்குச் சுழலும் பாகமே கிடையாது. நவீன காற்றாலைகளும் எலெக்ட்ரானிக் இன்வர்ட்டர் வழியாகவே கட்டமைப்பில் சேர்கின்றன. அவை கரண்ட் தரும், ஆனால் தேரின் எடையைத் தானாகத் தராது.

2020 வசந்தத்தில் நடந்தது இதுதான். வெயில் சுள்ளென்று அடித்தது. ஏப்ரல் 20 அன்று சோலார் உற்பத்தி 9.68 கிகாவாட் என்ற அன்றைய சாதனையைத் தொட்டது. மே 24 அன்று ஒரு யூனிட் மின்சாரத்துக்கு வெளியான கார்பன் 46 கிராம் வரை இறங்கியது. தேவையோ பாதாளத்தில். கனமான சுழலிகள் ஒவ்வொன்றாக வெளியே போயின. தேர் லேசாகிவிட்டது.

லேசான தேரில் ஒரு பெரிய ஆள் திடீரென்று வடத்தை விட்டால்? அன்று கட்டமைப்பில் இருந்த மிகப் பெரிய ஒற்றை ஆள் சுமார் 1,200 மெகாவாட் சைஸ்வெல் பி. அது திடீரென்று நின்றால் ஏற்படும் அதிர்ச்சியைப் பாதியாக்கத்தான் அந்த 5 கோடி பவுண்டு. இது வெறும் கற்பனைப் பயமும் இல்லை. 2019 ஆகஸ்ட் 9 அன்று ஒரு மின்னலுக்குப் பின் லிட்டில் பார்ஃபோர்ட் எரிவாயு நிலையமும் ஹார்ன்சீ கடல் காற்றாலையும் அடுத்தடுத்து உற்பத்தியை இழந்தன. ஃப்ரீக்வென்சி 48.8 வரை விழுந்தது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருளில் மூழ்கின, வெள்ளிக்கிழமை மாலையில் ரயில்கள் நடுவழியில் மணிக்கணக்கில் நின்றன. அதற்குப் பிறகு எட்டு மாதம்கூட ஆகவில்லை, ஊரடங்கு. இயக்குநர்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது.

2020 மார்ச் முதல் ஜூலை வரை இந்தச் சமநிலைப்படுத்தும் வேலைக்கு ஆன செலவு 71 கோடியே 80 லட்சம் பவுண்டு, எதிர்பார்த்ததைவிட 39 சதவீதம் அதிகம். அந்தப் பணம் எங்கிருந்து வரும்? நம் பில்லில் இருந்துதான்.

பிரிட்டனுக்கு மட்டும் வந்த தலைவலி இல்லை இது. ஜெர்மனியில் 2020இல் 298 மணி நேரம் மின்சாரத்தின் மொத்த விலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போனது. முந்தைய ஆண்டு அது 211 மணி நேரம். மைனஸ் விலை என்றால், விற்பவரே வாங்குபவருக்குப் பணம் தந்து "எடுத்துக்கோப்பா" என்று கெஞ்சுவது.

நம் ஊரில் ஒன்பது நிமிடம்

இந்தியாவில் இருந்தவர்களுக்கு 2020 ஏப்ரல் 5 நினைவிருக்கும். இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கணைத்து அகல்விளக்கு ஏற்றச் சொன்னார் பிரதமர் மோடி. எங்கள் வீட்டில் அம்மா வாசலில் விளக்கு வைத்து போட்டோ அனுப்பினார். நான் அந்த போட்டோவைவிட ஃப்ரீக்வென்சியைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மின்கட்டமைப்பை இயக்கும் அரசு நிறுவனமான போசோகோ, 12,000 முதல் 13,000 மெகாவாட் வரை தேவை குறையலாம் என்று கணித்துத் தயாராக இருந்தது. உண்மையில் குறைந்தது 31,000 மெகாவாட்டுக்கும் மேல். சுமார் 1,17,000 மெகாவாட்டில் இருந்த நாட்டின் தேவை இருபது நிமிடத்தில் ஏறக்குறைய 86,000க்கு வந்தது. விளக்குகள் திரும்ப எரிந்ததும் அதே வேகத்தில் ஏறியது. ஆனாலும் ஃப்ரீக்வென்சி 49.70க்கும் 50.26க்கும் இடையிலேயே நின்றது. எங்கும் இருளவில்லை.

எப்படிச் சமாளித்தார்கள்? அணைகளை வைத்துத்தான். நீர்மின் நிலையங்களை 9 மணிக்கு முன்பே முழு வீச்சில் ஓட்டி வைத்து, விளக்குகள் அணையத் தொடங்கியதும் 17,500 மெகாவாட்டுக்கு மேல் மளமளவென்று குறைத்தார்கள், பிறகு மறுபடி ஏற்றினார்கள். அனல்மின் நிலையத்தை அப்படி ஆட்ட முடியாது. நீர்மின் நிலையம் குழாய் திறந்து மூடுவது போல.

இந்த ஒன்பது நிமிடத்தில் எதிர்காலத்துக்கான பாடமே இருக்கிறது. காற்றும் வெயிலும் நாம் சொன்னபடி வராது. அவற்றைச் சுற்றி வளைந்து கொடுக்க ஏதாவது ஒன்று வேண்டும். அது அணையாக இருக்கலாம், பேட்டரியாக இருக்கலாம், தமிழ்நாட்டின் காடம்பாறையில் இருப்பது போல 400 மெகாவாட் நீரேற்று நிலையமாக இருக்கலாம். அல்லது மின்சாரத்தைப் பயன்படுத்தும் நாமே கொஞ்சம் வளைந்து கொடுக்கலாம்.

ஐந்து வருஷம் கழித்து இலங்கையில்

பெருந்தொற்று முடிந்தது, இந்தக் கதையும் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 2025 பிப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை துணைமின் நிலையத்தில் குரங்கு ஒன்று மாட்டிக்கொண்டதாக அமைச்சர் சொல்ல, உலகமே சிரித்தது. ஆனால் குரங்கு வெறும் தீக்குச்சிதான். ஞாயிறு என்பதால் தேவை குறைவு, வெயில் என்பதால் சோலார் அதிகம், சுழலிகள் குறைவு. தேர் லேசாக இருந்தது. 2020 மே மாத லண்டன் நிலைமை, ஒரு சின்னத் தீவில்.

இரண்டே மாதத்தில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தது. தொழிற்சாலைகள் மூடியிருக்கும் அந்த நாட்களில் பகல் 3 மணி வரை கூரைச் சோலாரை நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டது.

கோண்டாவிலில் பெற்றோர் வீட்டுக்குச் சோலார் போட்டுக் கொடுத்த என் அலுவலக நண்பர் அன்று எனக்கு போன் போட்டுக் கத்தினார். "என்ன மச்சான் இது? காசு குடுத்துப் பூட்டின பனலை நிப்பாட்டச் சொல்லுறாங்கள். அப்பாவுக்கு மாசக் காசு வருமெண்டுதானே பூட்டினனான். இதென்ன நியாயம்?"

அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. மின்சார சபையின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. பிரிட்டனில் உற்பத்தியை நிறுத்தியவருக்குப் பணம் கொடுத்தார்கள். இலங்கையில் பணம் பற்றிப் பேசாமல் வேண்டுகோள் விடுத்தார்கள். வித்தியாசம் அதுதான். ஒரு நாடு பாரத்தை பில் கட்டுபவர் எல்லோரிடமும் பிரித்துப் போட்டது, இன்னொன்று கூரையில் முதலீடு செய்தவரிடம் மட்டும் வைத்தது. எது சரி என்று உடனே சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கேள்வியை முன்கூட்டியே கேட்டு, விதியாக எழுதி வைத்திருக்க வேண்டும். 2016 முதல் கூரைச் சோலாரை ஊக்குவித்த அரசு, அந்தக் கூரைகள் நிரம்பும் நாளில் என்ன செய்வது என்பதை யோசிக்க ஒன்பது வருஷம் இருந்தது.

"அங்கிள், அப்படியே இருந்திருந்தா?"

பக்கத்துத் தெருவில் நம் தமிழ்க் குடும்பம் ஒன்று. மகள் இங்கேயே பிறந்தவள், ஏ-லெவல் படிக்கிறாள். ஒரு பொங்கல் விருந்தில் கேட்டாள்: "அங்கிள், லாக்டவுன் மாதிரியே இருந்துட்டா க்ளைமேட் சரியாயிடும்ல?"

நல்ல கேள்வி. அந்தத் தலைமுறை கேட்க வேண்டிய கேள்வி. 2020இல் உலகின் எரிசக்தி சார்ந்த கார்பன் வெளியேற்றம் ஏறக்குறைய 6 சதவீதம் குறைந்தது. இவ்வளவு பேர் வேலை இழந்து, பள்ளிகள் மூடி, விமானங்கள் நின்று, அன்புக்குரியவர்களை வீடியோ காலில் வழியனுப்பி, கிடைத்தது அந்த 6 சதவீதம்தான். மீதி 94 அப்படியே இருந்தது. ஜனங்களை முடக்கிப் போட்டு பூமியைக் காப்பாற்ற முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

அந்த 6 சதவீதமும் நிற்கவில்லை. 2021இல் உலக மின்தேவை ஒரேயடியாக 6 சதவீதம் எகிறியது. யூனிட் கணக்கில் அதற்கு முன் எந்த ஆண்டும் அவ்வளவு ஏறியதில்லை. நிலக்கரி மின்சாரம் 9 சதவீதம் கூடியது. பிரிட்டனில் அந்த ஆண்டு காற்று குறைவு. புதுப்பிக்கத்தக்கதன் பங்கு 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது, ஓய்வெடுத்த நிலக்கரி அலகுகளை செப்டம்பரில் மறுபடி எழுப்பினார்கள். எரிவாயு விலை ஏறியது, அது போகும் இடத்துக்கெல்லாம் மின்சார விலையையும் இழுத்துக்கொண்டு போனது. ஒரு சராசரி வீட்டின் ஆண்டு எரிசக்திச் செலவுக்கான உச்சவரம்பு 2021 அக்டோபரில் 1,277 பவுண்டு. 2022 ஏப்ரலில் 1,971. உக்ரைன் போருக்கு முன்பே இந்த ஏற்றம் அறிவிக்கப்பட்டுவிட்டது.

ஆனால் திரும்பிப் போகாத ஒன்றும் இருந்தது. நட்டு வைத்த காற்றாலைகள். 2024 செப்டம்பர் 30 அன்று பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப் மூடப்பட்டது. 1882இல் ஹோல்பர்ன் வயடக்டில் தொடங்கிய 142 வருஷக் கதை முடிந்தது. ஊரடங்கு தந்த குறைவு ஒரு வருஷத்தில் கரைந்தது, கட்டி வைத்தவை நின்றன. அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதிலும் இதுதான்: "அணைச்சு வைக்கிறதுல இல்லம்மா, கட்டி வைக்கிறதுலதான் இருக்கு."

லாபம் யாருக்கு?

இனி வருவது என் கருத்து. நீங்கள் மாறுபடலாம்.

2030க்குள் மின்சாரத்தைச் சுத்தமாக்குவது பிரிட்டன் அரசின் இலக்கு. அப்படியானால் 2020 மே மாதத்தில் விதிவிலக்காகத் தெரிந்த நாட்கள் வழக்கமான நாட்களாகிவிடும். வெயிலும் காற்றும் சேர்ந்து வரும் ஞாயிறு மதியங்களில் மின்சாரம் வழியும். ஜனவரி மாதம் காற்றில்லாத மாலைகளில் பற்றாக்குறை வரும். பெருந்தொற்று நமக்குக் காட்டியது அந்த எதிர்காலத்தின் ஒத்திகையை.

தொழில்நுட்பப் பக்கம் பதில்கள் இருக்கின்றன. கரண்ட் தயாரிக்காமல் எடைக்காக மட்டும் சுற்றும் சுழலிகளுக்கு 2020 ஜனவரியிலேயே இங்கே ஒப்பந்தம் போட ஆரம்பித்துவிட்டார்கள். பேட்டரிகள் வருகின்றன. 2022-23 குளிர்காலத்தில் உச்ச நேரத்தில் பயன்பாட்டைக் குறைத்தால் பணம் என்ற திட்டத்தில் 16 லட்சம் வீடுகளும் நிறுவனங்களும் சேர்ந்தன.

எனக்குக் கவலை வேறு இடத்தில். அரைமணிக்கு அரைமணி விலை மாறும் மின்திட்டத்தில் இருந்த சிலருக்கு 2020 வசந்தத்தில் மின்சாரம் பயன்படுத்தியதற்கே பணம் கிடைத்தது. யார் அவர்கள்? ஸ்மார்ட் மீட்டர் வைத்திருந்தவர்கள், வாசலில் எலெக்ட்ரிக் கார் நிற்பவர்கள், சொந்த வீட்டில் பேட்டரி மாட்டியவர்கள். ஈஸ்ட்ஹாமில் ஒரு வீட்டை நாலு குடும்பம் பங்கிட்டுக்கொண்டு, கார்டில் காசு ஏற்றும் ப்ரீபெய்டு மீட்டரில் இருக்கும் நம்மவர் அந்த மலிவு விலையைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஆனால் சமநிலைப்படுத்தும் செலவு மட்டும் அவர் பில்லிலும் சமமாக ஏறியது. வழிந்த மின்சாரத்தின் லாபம் சிலருக்கு, அதைச் சமாளித்த செலவு எல்லோருக்கும். இதைச் சரிசெய்யாவிட்டால், "பசுமை எரிசக்தியால்தான் பில் ஏறுது" என்ற பேச்சு நம் வீட்டு விருந்துகளிலும் வேரூன்றிவிடும். இப்போதே கேட்கிறது.

நிறுத்துவதற்குப் பணம் கொடுக்கும் அதே தொகையில் ஒரு பகுதியை, அந்த மணி நேரங்களில் பயன்படுத்தும் எளிய குடும்பங்களுக்கு இலவச யூனிட்டாகக் கொடுங்கள் என்பதே நான் வைக்கும் கோரிக்கை. காற்றாலையை அணைப்பதைவிட அந்த மின்சாரத்தில் ஒரு வீட்டின் தண்ணீர்த் தொட்டியைச் சூடாக்குவது மேல் இல்லையா? உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வரும் கவுன்சிலரிடமும் உங்கள் தொகுதி எம்.பி.யிடமும் இதைக் கேளுங்கள். நம் வாக்குகள் முடிவைத் தீர்மானிக்கும் தொகுதிகள் லண்டனில் உண்டு.

நாம் செய்யக்கூடியது

கடை வைத்திருப்பவர்களுக்கு: உங்கள் உறைபெட்டி ஒரு பேட்டரி. மலிவு நேரத்தில் கொஞ்சம் கூடுதலாகக் குளிரவைத்து, மாலை 4 முதல் 7 வரை கம்ப்ரசரை ஓய்வெடுக்கவிட்டால் பொருள் கெடாது. அதற்கான கன்ட்ரோலர் போட முடியுமா என்று பராமரிப்புக்கு வருபவரிடம் கேளுங்கள். உணவுப் பாதுகாப்பு வெப்பநிலைக்குள் நிற்கிறதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கோயில் நிர்வாகங்களுக்கும் தமிழ்ப் பள்ளிகளுக்கும்: உங்கள் கூட்டம் வார இறுதிப் பகலில்தான். வெயில் மின்சாரம் வழிவதும் அதே நேரத்தில். மடைப்பள்ளி அடுப்பையும் ஹாலின் ஹீட்டரையும் அந்த நேரத்து விலைக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று சப்ளையரிடம் ஒரு மின்னஞ்சல் போட்டுப் பாருங்கள்.

ஊரில் சோலார் போட்டுக் கொடுப்பவர்களுக்கு: பேனல் எத்தனை கிலோவாட் என்பதை மட்டும் கேட்காதீர்கள். இன்வர்ட்டர் பேட்டரியை ஏற்குமா, விடுமுறை நாளில் நிறுத்தச் சொன்னால் அந்த மின்சாரத்தை வீட்டுக்குள்ளேயே பயன்படுத்த முடியுமா, ஒப்பந்தத்தில் நிறுத்தம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். என் நண்பர் இப்போது பேட்டரி விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார். இந்தியாவில் 2023இல் வந்த நுகர்வோர் உரிமை விதித் திருத்தம், வெயில் நேர மின்சாரத்தைக் குறைந்தது 20 சதவீதம் மலிவாகத் தரச் சொல்கிறது. ஸ்மார்ட் மீட்டர் வீட்டுக்கு வந்தால்தான் அது நடக்கும். அம்மா தண்ணீர் மோட்டாரைக் காலை ஆறு மணிக்குப் போடுவதை மதியத்துக்கு மாற்றச் சொல்லும் காலம் தூரத்தில் இல்லை.

2020இல் தேவை தானாக விழுந்தது, யாரும் நம்மைக் கேட்கவில்லை. அடுத்த முறை மின்சாரம் வழியும்போது அதைக் கொட்டிவிடப் போகிறோமா, எடுத்துப் பயன்படுத்தப் போகிறோமா என்பதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இந்த வார இறுதியில் உங்கள் மின்பில்லை எடுத்து, நீங்கள் எந்தக் கட்டணத் திட்டத்தில் இருக்கிறீர்கள் என்று ஒரு தடவை பாருங்கள். தெரியாவிட்டால் சப்ளையருக்கு போன் போடுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.